பிஎம்டபிள்யூ எம்340ஐ காருக்கு மாற்று பிரேக் பேடும் டிஸ்க்கும்: எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது?

நீங்கள் கேட்டிருப்பதன் சுருக்கம் இது. கோவையில் ஓடும் உங்கள் 2021 மாடல் எம்340ஐ 40,000 கிலோமீட்டரைத் தாண்டியிருக்கிறது. முன்சக்கர பேட் (சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் உராய்வுக் கட்டை) தேய்ந்துவிட்டதாக எச்சரிக்கை விளக்கு எரிகிறது. ஊட்டியிலிருந்து இறங்கி மேட்டுப்பாளையம் தாண்டியபின் 80 கி.மீ. வேகத்துக்கு மேல் பிரேக் பிடித்தால் ஸ்டீயரிங் உதறுகிறது. நான்கு சக்கரங்களிலும் பேட், டிஸ்க் இரண்டையுமே மாற்றிவிடலாம் என்கிறது சர்வீஸ் சென்டர். துளையிட்ட டிஸ்க்கும் பந்தய பேடும் வாங்கிப் போடச் சொல்கிறார் நண்பர். ஆண்டுக்கு ஓரிரு முறை சென்னைக்கு அருகிலுள்ள இருங்காட்டுக்கோட்டை பந்தய ட்ராக்கில் ஓட்டிப் பார்க்கவும் உங்களுக்கு ஆசை இருக்கிறது.

முதலில் என் பரிந்துரையைச் சொல்லிவிடுகிறேன். டிஸ்க்குகளை அளந்து பார்க்காமல் எதையும் வாங்காதீர்கள். மாற்ற வேண்டியிருந்தால் துளையோ பள்ளமோ இல்லாத, ஒரிஜினல் தரத்து டிஸ்க்கையே வாங்குங்கள். அதோடு ஒரிஜினலுக்கு இணையான சாலை பேடைப் போடுங்கள். ட்ராக்குக்கு ஓட்டுவதென்றால் அதற்குத் தனியாக ஒரு செட் பேட் வைத்துக்கொள்ளுங்கள். பிரேக் ஆயிலை இந்த வேலையோடு சேர்த்தே மாற்றிவிடுங்கள். நண்பரின் யோசனை ட்ராக்கில் மட்டுமே ஓடும் காருக்கு ஓரளவு பொருந்தும். தினமும் அவிநாசி சாலையில் அலுவலகம் போய்வரும் காருக்குப் பொருந்தாது. ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் காரணம் புரிந்துவிட்டால் அடுத்த முறை எந்தக் கடைக்காரர் எதைச் சொன்னாலும் நீங்களே எடைபோட்டுக்கொள்ள முடியும்.

பிரேக் செய்யும் வேலை ஒன்றுதான்: ஓடும் காரின் ஆற்றலை வெப்பமாக மாற்றி, அந்த வெப்பத்தைக் காற்றில் விடுவது. ஆட்களோடு சேர்த்து உங்கள் கார் ஏறக்குறைய 1,850 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 100 கி.மீ. வேகத்திலிருந்து அதை நிறுத்தும்போது சுமார் 7 லட்சம் ஜூல் ஆற்றல் வெப்பமாகிறது. 160 கி.மீ. வேகத்திலிருந்து நிறுத்தினால் அது 18 லட்சம் ஜூலைத் தாண்டிவிடும். வேகம் ஒன்றரை மடங்குக்குச் சற்றே அதிகமானால் வெப்பம் இரண்டரை மடங்காகிறது. அதில் ஏறத்தாழ 70 சதவீதம் முன்சக்கர பிரேக்குகளில் விழும். ஒரு முன் டிஸ்க்கில் உராயும் வளையத்தின் எடையை 9 கிலோ என்று கொண்டால், 100 கி.மீ. வேகத்திலிருந்து ஒரு முறை நிறுத்துவது அதன் வெப்பநிலையைச் சுமார் 55 டிகிரி செல்சியஸ் உயர்த்தும். 160இலிருந்து நிறுத்துவது சுமார் 140 டிகிரி உயர்த்தும். ஒரு பிரேக்கிங்குக்கும் அடுத்த பிரேக்கிங்குக்கும் இடையில் ஆறுவதற்கு எவ்வளவு நேரம் கிடைக்கிறது என்பதே உங்கள் பிரேக் எந்த வெப்பநிலையில் வாழ்கிறது என்பதைத் தீர்மானிக்கிறது.

இந்தக் கணக்கை உங்கள் மலைப்பாதைக்குப் போட்டுப் பாருங்கள். ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது; மேட்டுப்பாளையம் 300 மீட்டரை ஒட்டியது. 1,900 மீட்டருக்கு மேல் இறங்கும்போது காரின் உயரத்தில் இருக்கும் ஆற்றல் மூன்றரைக் கோடி ஜூல் அளவில் வரும். 100 கி.மீ. வேகத்திலிருந்து ஏறக்குறைய 48 முறை நிறுத்துவதற்குச் சமமான வெப்பம் அது. கேட்கப் பெரிதாக இருந்தாலும் அது ஒன்றரை மணி நேர இறக்கத்தில் பரவிக் கிடக்கிறது. கியரைக் குறைத்து எஞ்சினே காரைப் பிடித்துக்கொள்ளும்படி இறங்கினால் அதில் பெரும்பகுதி பிரேக்குக்குப் போகவே போகாது. எனவே ஊட்டி இறக்கத்துக்காகப் பந்தய பேட் தேவைப்படுகிறது என்றால், கோளாறு பேடில் இல்லை. கியரை டிரைவிலேயே விட்டுவிட்டு மிதியின் மேல் காலை லேசாக ஊன்றியபடியே இறங்கும் பழக்கத்தில் இருக்கிறது. ஸ்டீயரிங் பின்னால் இருக்கும் கியர் மாற்றும் நெம்புகளை (பேடில் ஷிஃப்டர்) பயன்படுத்தி இரண்டாவது, மூன்றாவது கியரில் இறங்குங்கள். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவுக்கும் முன்பாக ஒரே முறை உறுதியாக பிரேக் பிடித்து வேகத்தைக் குறைத்துவிட்டு, பிறகு மிதியை முழுமையாக விட்டுவிடுங்கள். டிஸ்க் மூச்சுவிட அந்த இடைவெளி வேண்டும். கல்லட்டி வழியாக மசினகுடிக்கு இறங்கும் 36 கொண்டை ஊசி வளைவுகளுக்கு இது இன்னும் கட்டாயம். அங்கே சரிவு செங்குத்தாக இருப்பதால் காலை எடுக்காமல் இறங்குபவர்களின் பிரேக்கிலிருந்து புகை வருவதை அடிவாரத்தில் அடிக்கடி பார்க்கலாம்.

ட்ராக் முற்றிலும் வேறு உலகம். இருங்காட்டுக்கோட்டையில் ஒரு சுற்று 3.7 கிலோமீட்டர். அந்தச் சுற்றில் பலமுறை வேகத்தின் உச்சத்திலிருந்து முழு பலத்தோடு பிரேக் பிடிப்பீர்கள். இரண்டுக்கும் இடையே ஆறுவதற்குச் சில நொடிகளே கிடைக்கும். மூன்று நான்கு சுற்றுகளுக்குள் முன் டிஸ்க் 500 டிகிரியை எட்டுவது உங்கள் காரைப் போன்ற கனமான, 380 குதிரைத்திறனுக்கு மேல் உள்ள காருக்குச் சாதாரணம். சாலைக்கென்று செய்யப்பட்ட பேடுகள் பெரும்பாலும் 400 டிகிரியைச் சுற்றி உராய்வை இழக்கத் தொடங்கும். மறுபுறம், ட்ராக்குக்கென்று செய்யப்பட்ட பேடுகளில் பல, 150 அல்லது 200 டிகிரிக்கு மேல் போன பிறகுதான் முழுப் பிடிப்பைத் தரும். டிசம்பர் மாதக் காலையில் ஊட்டியில் காரை எடுத்து முதல் வளைவில் பிரேக் மிதிக்கும்போது டிஸ்க்கின் வெப்பநிலை பத்து டிகிரிகூட இருக்காது. அந்த நேரத்தில் உங்களுக்கு முன்னால் ஒரு பள்ளிக் குழந்தை சாலையைக் கடந்தால் பந்தய பேட் உங்களைக் கைவிடக்கூடும். நண்பரின் யோசனையில் எனக்கு இருக்கும் பெரிய ஆட்சேபம் இதுதான். சத்தமும் தூசும் இரண்டாம்பட்சம்.

பேடின் கலவைகளைப் பொதுவாக மூன்று குடும்பங்களாகப் பிரிக்கலாம். செராமிக் என்று விற்கப்படும், உலோகம் குறைந்த கலவை மென்மையாக வேலை செய்யும், சக்கரத்தைக் கறுப்பாக்காது, டிஸ்க்கையும் அதிகம் தின்னாது. ஆனால் தொடக்கக் கடி, அதாவது மிதித்தவுடன் கிடைக்கும் பிடிப்பு, குறைவு; மிக அதிக வெப்பத்தையும் விரும்பாது. எஃகு இழையும் பிற உலோகமும் மிதமாகச் சேர்ந்த ஐரோப்பியக் கலவைதான் உங்கள் காரில் தொழிற்சாலையிலிருந்து வந்தது. மிதித்தவுடன் கடிக்கும், ஜெர்மனியின் ஆட்டோபான் நெடுஞ்சாலையில் 200 கி.மீ. வேகத்திலிருந்து பிரேக் பிடித்தாலும் தாங்கும். அதற்கான விலையாக அலாய் வீல் வாரத்துக்குள் கறுத்துவிடும், பேடைப் போலவே டிஸ்க்கும் தேயும். மூன்றாவதாக, உலோகம் மிகுந்த செமி மெட்டாலிக் கலவையும் அதற்கு மேற்பட்ட ட்ராக் கலவைகளும்.

பலர் தூசு வருகிறதே என்று எரிச்சல்பட்டு செராமிக் பேடுக்கு மாறுகிறார்கள். நகருக்குள் மட்டுமே மென்மையாக ஓட்டுபவருக்கு அது நியாயமான தேர்வு. நீங்கள் மலைக்கும் போகிறீர்கள், வேகமாகவும் ஓட்டுகிறீர்கள்; தூசைக் கழுவிக்கொள்ளலாம், பழகிய கடியை விட்டுக்கொடுக்க வேண்டாம் என்பதே என் கருத்து.

பேடின் பின்தகட்டிலும் ஓரத்திலும் அச்சிட்டிருப்பதைப் படிக்கக் கற்றுக்கொள்வது, விளம்பரத்தைப் படிப்பதைவிடப் பயன் தரும். அமெரிக்க எஸ்ஏஇ முறைப்படி பேடின் ஓரத்தில் இரண்டு ஆங்கில எழுத்துகள் இருக்கும். முதல் எழுத்து சாதாரண வெப்பத்திலும் இரண்டாவது எழுத்து அதிக வெப்பத்திலும் உள்ள உராய்வுக் கெழுவைக் குறிக்கும். இ என்றால் 0.25 முதல் 0.35 வரை, எஃப் என்றால் 0.35 முதல் 0.45 வரை, ஜி என்றால் 0.45 முதல் 0.55 வரை. எஃப்எஃப் என்று இருந்தால் சூடானாலும் பிடிப்பு அதே வரம்பில் இருக்கிறது என்று பொருள். எஃப்இ என்று இருந்தால் சூடாகும்போது இறங்குகிறது. ஆனால் இது ஒரு சிறு துண்டை ஆய்வுக்கருவியில் வைத்துச் சோதித்த எண், முழு பிரேக்கின் நடத்தை அல்ல என்பதையும் நினைவில் வையுங்கள். இதைவிட நான் அதிகம் நம்புவது ஐரோப்பாவின் ஆர்90 விதியை. அந்த ஒப்புதல் பெற்ற மாற்று பேட், அதே காரின் ஒரிஜினல் பேடோடு ஒப்பிடும்போது 15 சதவீத வரம்புக்குள் அதே பிரேக் திறனைத் தர வேண்டும். உங்கள் காரின் ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுப்பது), டிஎஸ்சி (கார் நிலைதடுமாறாமல் காப்பது) மென்பொருள்கள் ஒரிஜினல் பேடின் பிடிப்பை மனத்தில் வைத்துத்தான் சீரமைக்கப்பட்டிருக்கின்றன. ஆகவே ஒரிஜினலைவிட அதிகம் பிடிக்கும் பேட் எப்போதும் நல்லது என்று எண்ணிவிட முடியாது. வட்டத்துக்குள் இ என்ற ஆங்கில எழுத்தும் பக்கத்தில் ஒப்புதல் எண்ணும் பின்தகட்டில் இருக்கிறதா என்று பாருங்கள்.

இதை ஒட்டியே இன்னொரு எச்சரிக்கை. முன்பக்கம் மட்டும் கடுமையான பேடைப் போட்டுப் பின்பக்கம் பழையதையே விட்டுவைக்கும் பழக்கம் பரவலாக இருக்கிறது. அப்படிச் செய்தால் முன்சக்கரங்கள் சீக்கிரம் பிடிமானத்தின் எல்லையைத் தொட்டு ஏபிஎஸ் முன்கூட்டியே வேலை செய்யத் தொடங்கும். பின்சக்கரங்கள் தங்களால் செய்யக்கூடிய வேலையைச் செய்யாமல் சும்மா இருக்கும். நிறுத்தும் தூரம் குறைவதற்குப் பதிலாகக் கூடவும் கூடும். நான்கு சக்கரங்களிலும் ஒரே குடும்பத்துக் கலவை இருக்க வேண்டும். ஒரே அச்சில் இடது, வலது என வேறு வேறு பேட் போடுவதைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை.

நிறுவனங்களைப் பொறுத்தவரை நீண்ட பட்டியல் தேவையில்லை. டெக்ஸ்டார், ஜூரிட், ஆடே, டிஆர்டபிள்யூ, பிரெம்போ ஆகியவை கார் நிறுவனங்களுக்கே பிரேக் பாகங்கள் தருபவை. உங்கள் காலிபருக்கு (பேடுகளை டிஸ்க்கின் மேல் அழுத்தும் பிடிப்பானுக்கு) உரிய எண்ணில் இவற்றில் எது ஆர்90 ஒப்புதலோடு கிடைத்தாலும் தயங்காமல் வாங்கலாம். பிஎம்டபிள்யூ பெட்டியில் வாங்கினால் கூடுதல் பணம் போகும்; கோவையில் நம்பகமான கடை இல்லையென்றால் அந்தக் கூடுதல் பணம், போலி இல்லை என்ற உறுதிக்கானது. சாலையையும் ட்ராக்கையும் ஒரே பேடில் சமாளிக்கத்தான் வேண்டும் என்றால் ஃபெரோடோ டிஎஸ்2500 போன்ற நடுத்தரக் கலவை உங்கள் காலிபரின் வடிவத்தில் கிடைக்கிறதா என்று பாருங்கள். குளிர்ந்த நிலையிலும் அது பிடிக்கும், கணிசமான வெப்பத்தையும் தாங்கும். நகரத்தில் மெதுவாக நிறுத்தும்போது கிறீச்சிடும், அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். எல்லாவற்றையும் ஒன்றே செய்யும் பேட் என்று யாராவது விற்றால் நம்பாதீர்கள். குளிரில் நல்ல கடி, வெப்பத்தில் உறுதி, தூசின்மை, ஓசையின்மை, நீண்ட ஆயுள் ஆகிய ஐந்தையும் ஒரே கலவையில் கொண்டுவந்தவர் இதுவரை எவரும் இல்லை.

பெரும்பாலும் ஆசைதான் டிஸ்க்கைத் தேர்வு செய்கிறது. துளையிட்டது அழகாக இருக்கிறது, பள்ளம் வெட்டியது பந்தயக் காரைப் போல் இருக்கிறது. உங்கள் காரில் முன்னால் 348 மி.மீ. விட்டமும் 36 மி.மீ. தடிமனும் உள்ள காற்றோட்ட டிஸ்க், நான்கு பிஸ்டன் நிலைக் காலிபருடன் இருக்கிறது. பின்னால் 345 மி.மீ. விட்டமும் 24 மி.மீ. தடிமனும் உள்ள டிஸ்க், ஒற்றைப் பிஸ்டன் மிதவைக் காலிபருடன் இருக்கிறது. சாலைக் காருக்கு இது தாராளமான அளவு. டிஸ்க் என்பது வெப்பத்தை வாங்கி வைத்துக்கொள்ளும் இரும்பு நிறை. அதில் எவ்வளவு இரும்பு இருக்கிறதோ அவ்வளவு வெப்பத்தை அது தாங்கும். துளை போடுவது அந்த நிறையிலிருந்தே கொஞ்சத்தை எடுத்துவிடுகிறது. பழைய கால பேடுகள் சூடானபோது வாயுவை வெளியேற்றின, அது தப்பிக்க வழி வேண்டும் என்பதற்காகத் துளைகள் வந்தன. இன்றைய பேடுகளில் அந்தப் பிரச்சினை பெரிதாக இல்லை. மழையில் நீர்ப்படலம் விரைவாக உடைவது ஒரு நன்மை. அதற்கு எதிராக, ஒவ்வொரு துளையின் விளிம்பிலும் வெப்ப அழுத்தம் குவிகிறது. மலிவான துளையிட்ட டிஸ்க்குகளை ட்ராக்கில் சூடாக்கி ஆறவிட்டால் துளையிலிருந்து துளைக்கு விரிசல் ஓடும். விரிசல் வெளி விளிம்பை எட்டிவிட்டால் அந்த டிஸ்க் உடையும் நிலையில் இருக்கிறது என்று பொருள். வார்ப்பு முடிந்த டிஸ்க்கில் யாரோ பின்னர் துளையிட்டு விற்பவற்றை எந்த நிலையிலும் தொடாதீர்கள். பள்ளம் வெட்டிய டிஸ்க் இதைவிடப் பாதுகாப்பானது. பேடின் முகத்தைச் சுரண்டிச் சுத்தமாக வைத்திருக்கும், ட்ராக்கில் பயன் தரும். சாலையில் அது தரும் பலன் சிறிது. பேட் தேய்வதும் ஒரு மெல்லிய உறுமல் ஓசையும் அதற்கான விலை.

மாற்று டிஸ்க்கில் கவனிக்க வேண்டியது உலோகம், உள்ளே இருக்கும் காற்றறைகளின் அமைப்பு, மேற்பூச்சு ஆகிய மூன்றும். நல்ல டிஸ்க்குகள் கார்பன் சற்று அதிகமுள்ள சாம்பல்நிற வார்ப்பிரும்பில் செய்யப்படுகின்றன. அது வெப்பத்தை நன்றாகக் கடத்தும், அதிர்வை அடக்கும், விரிசலை எதிர்க்கும். ஒரிஜினலில் எத்தனை காற்றறைகள், எந்த வளைவில் இருக்கின்றனவோ அதே அமைப்பு மாற்று டிஸ்க்கிலும் இருக்கிறதா என்று பக்கவாட்டில் பார்த்தாலே தெரியும்; மலிவு டிஸ்க்குகளில் இது நேரான தடுப்புகளாக மாறியிருக்கும். துருவைத் தடுக்கும் துத்தநாக வகைப் பூச்சு ஹப் (டிஸ்க் பொருந்தும் சக்கர மையம்) பகுதியிலும் விளிம்பிலும் இருப்பது நல்லது. நீங்கள் அடிக்கடி சென்னைக்கும் புதுச்சேரிக்கும் போய்வருபவராக இருந்தால், கடற்கரைக் காற்றில் அதன் அருமை இரண்டாவது மழைக்காலத்தில் தெரியும். ஐரோப்பிய ஆர்90 விதி டிஸ்க்குகளுக்கும் நீட்டிக்கப்பட்டிருப்பதால், அந்த முத்திரையுள்ள டிஸ்க்கைக் கேட்டு வாங்குங்கள். பிரெம்போ, ஆடே, சிம்மர்மன் ஆகியவற்றின் வெற்று முகமுள்ள பூச்சு டிஸ்க்குகள் என் முதல் தேர்வு. இன்னும் பெரிய டிஸ்க்கும் ஆறு பிஸ்டன் காலிபரும் கொண்ட கிட் வாங்கலாமா என்று ஒரு வரியில் கேட்டிருந்தீர்கள். பேட் குளிர்ந்த நிலையில் மிதியை ஓங்கி மிதித்தால் ஏபிஎஸ் வேலை செய்கிறதென்றால், டயரால் பிடிக்க முடிவதைவிட அதிக பலம் பிரேக்கில் ஏற்கெனவே இருக்கிறது. பெரிய கிட் நிறுத்தும் தூரத்தைக் குறைக்காது. அந்தப் பணத்தில் நல்ல டயர் வாங்கினால் குறையும்.

இப்போது ஸ்டீயரிங் உதறல். டிஸ்க் வளைந்துவிட்டது என்று சொல்லி எல்லாவற்றையும் மாற்றச் சொல்வது வழக்கம். பெரும்பாலான உதறல்களில் டிஸ்க் வளைந்திருப்பதில்லை. அதன் தடிமன் சுற்றிலும் ஒரே சீராக இல்லாமல் போயிருக்கும். 15, 20 மைக்ரான் வேறுபாடு வந்துவிட்டாலே, அதாவது ஒரு தலைமயிரின் தடிமனில் கால் பங்கு அளவு கூடக் குறைய இருந்தாலே, கையில் உணர முடியும். அது எப்படி வருகிறது என்பதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, ஹப்பில் படிந்த துரு காரணமாகவோ வீல் போல்ட்டுகளை நியூமேட்டிக் கருவியால் தாறுமாறாக இறுக்கியதாலோ டிஸ்க் மிகச் சிறிய அளவில் சாய்ந்து சுற்றுகிறது. பிரேக் பிடிக்காத நேரத்திலும் ஒரே இடம் பேடை உரசி உரசி ஆயிரக்கணக்கான கிலோமீட்டரில் மெலிந்துவிடுகிறது. இன்னொன்று, மலையிலிருந்து இறங்கிச் சூடாக இருக்கும் டிஸ்க்கை மேட்டுப்பாளையம் சிக்னலில் பிரேக் மிதியை அழுத்தியபடியே நிறுத்தி வைக்கும்போது, பேடின் பொருள் அந்த ஒரே இடத்தில் அச்சாகப் படிந்துவிடுகிறது. அந்தத் திட்டு மற்ற இடங்களைவிட அதிகம் உராய்ந்து, அதிகம் சூடாகி, கடைசியில் அந்த இடத்தின் இரும்பே கடினமான வேறு வடிவத்துக்கு மாறிவிடும். அப்படி மாறிவிட்டால் புதிய பேட் போட்டாலும் உதறல் திரும்ப வரும். நீங்கள் சொல்லும் அறிகுறி இறக்கத்துக்குப் பிறகே தெரிவதால் இரண்டாவது காரணத்தைத்தான் முதலில் சந்தேகிக்கிறேன்.

ஆகவே சர்வீஸ் சென்டரில் இதைக் கேளுங்கள்: மைக்ரோமீட்டரால் ஒவ்வொரு டிஸ்க்கிலும் சுற்றிலும் எட்டு இடங்களில் தடிமன் அளந்து எழுதித் தரச் சொல்லுங்கள், டயல் கேஜ் வைத்துக் காரிலேயே டிஸ்க்கின் பக்கவாட்டு ஆட்டத்தை அளக்கச் சொல்லுங்கள். டிஸ்க்கின் விளிம்பிலோ ஹப் பகுதியிலோ குறைந்தபட்சத் தடிமன் பொறிக்கப்பட்டிருக்கும். அளவு அதற்குக் கீழே இருந்தாலோ, அதை ஒட்டி இருந்து புதிய பேடின் ஆயுள் முடிவதற்குள் கீழே போய்விடும் என்று தெரிந்தாலோ மாற்றிவிடுங்கள். தடிமன் தாராளமாக இருந்து சீரின்மை மட்டும் இருந்தால், காரிலேயே பொருத்திக் கடையும் இயந்திரம் உள்ள இடத்தில் லேசாகக் கடைந்துகொள்ளலாம். கழற்றி வேறொரு லேத்தில் கடைந்து மாட்டுவது பல நேரங்களில் உதறலைத் திரும்பக் கொண்டுவரும். எச்சரிக்கை முன்சக்கரங்களுக்கு வந்திருக்கிறது; இந்த வகை ஐரோப்பியக் கலவையில் டிஸ்க்கும் கூடவே தேய்வதால், 40,000 கிலோமீட்டரில் முன் டிஸ்க் மாற்ற வேண்டியிருப்பதில் வியப்பில்லை. பின் டிஸ்க்கை அளவு சொல்லாமல் மாற்றச் சம்மதிக்காதீர்கள். அதே சமயம், பின் பேட் இன்னும் பாதி இருக்கும் என்று நினைத்துவிடவும் வேண்டாம். டிஎஸ்சி வளைவுகளில் காரைச் சீராக வைப்பதற்காகப் பின் பிரேக்குகளைத் தானாகவே தொட்டுத் தொட்டு விடுவதால் இந்த வகைக் கார்களில் பின் பேடும் எதிர்பார்த்ததைவிட வேகமாகத் தேயும்.

பொருத்தும்போது நடக்கும் அலட்சியம் நல்ல பாகங்களையும் கெடுத்துவிடும். உங்கள் காரில் பின் காலிபரிலேயே பார்க்கிங் பிரேக்கின் மோட்டார் இருக்கிறது. கண்டறியும் கருவியால் அதைச் சர்வீஸ் நிலைக்குக் கொண்டுபோகாமல் பிஸ்டனை உள்ளே தள்ளினால் மோட்டாரும் திருகும் பழுதாகும். இந்தக் கருவி இல்லாத பட்டறையில் பின் பேட் வேலையைக் கொடுக்காதீர்கள். ஹப்பின் முகத்தைக் கம்பித் தூரிகையால் துருவே இல்லாமல் சுத்தம் செய்த பிறகே டிஸ்க் ஏற வேண்டும். உதறல் திரும்பாமல் இருப்பதற்கு இந்தப் பத்து நிமிட வேலை, டிஸ்க்கின் பிராண்டைவிட முக்கியம் என்று நான் உறுதியாகச் சொல்வேன். தேய்மான சென்சார் முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று இருக்கும். எச்சரிக்கை வந்துவிட்டதால் முன் சென்சாரின் கம்பி அறுந்திருக்கும், புதிதாகப் போட்டாக வேண்டும். ட்ராக் பேடுகளில் பலவற்றில் சென்சார் பொருத்த இடமே இருக்காது என்பதால், அந்த நாள்களில் பேடின் தடிமனைக் கண்ணால் பார்த்துக்கொள்ள வேண்டும். கடைசியாக, வீல் போல்ட்டுகளை டார்க் ரென்ச்சால் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனரால்) 140 நியூட்டன் மீட்டருக்கு, எதிரெதிராக இறுக்கச் சொல்லுங்கள். அருகில் நின்று பாருங்கள்.

புதிய பேடும் புதிய டிஸ்க்கும் சேர்ந்தவுடன் அவை முழுமையாகப் பிடிக்காது. பேடின் பொருள் டிஸ்க்கின் மேல் மெல்லிய, சீரான படலமாகப் படிந்த பிறகுதான் பிடிப்பு முழுமை பெறும். நெரிசல் இல்லாத நேரத்தில் எல் அண்ட் டி புறவழிச்சாலை போன்ற ஒரு நேரான சாலையைத் தேர்ந்தெடுத்து, பின்னால் வண்டி வரவில்லை என்பதை ஒவ்வொரு முறையும் உறுதிசெய்துகொண்டு, 90 கி.மீ. வேகத்திலிருந்து 25 வரை மிதமாக, பிறகு சற்று உறுதியாக, எட்டு முதல் பத்து முறை வேகத்தைக் குறையுங்கள். ஒருமுறையும் முழுதாக நிறுத்தக் கூடாது. ஓரிரு முறை கழித்துக் கருகிய வாடை வரும். அது பேடில் உள்ள பிசின் வெளியேறுவது, பயப்பட வேண்டாம். முடிந்ததும் பதினைந்து நிமிடம் பிரேக்கை அதிகம் தொடாமல் ஓட்டி ஆறவிடுங்கள். பேட் தயாரிப்பாளர் தன் பெட்டியில் வேறு முறை அச்சிட்டிருந்தால் அதையே பின்பற்றுங்கள். ஒரு கலவையின் படலம் படிந்த டிஸ்க்கில் வேறு கலவை பேடைப் போடும்போது பழைய படலம் தேய்ந்து போகும்வரை பிடிப்பு ஒழுங்கற்று இருக்கும். ட்ராக் பேடுக்கு மாறும் நாளிலும் திரும்பும் நாளிலும் இதை மறக்காதீர்கள். வசதி இருந்தால் ட்ராக் பேடுக்கென்றே ஒரு ஜோடி முன் டிஸ்க் வைத்துக்கொள்வது சிறந்தது.

பிரேக் ஆயிலைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் ட்ராக்கில் மிதி தரைவரை போய்விட்டது என்று சொல்பவர்களில் பலருக்குக் குற்றவாளி பேட் அல்ல, கொதித்த ஆயில். காற்றிலிருக்கும் ஈரத்தை அது உறிஞ்சிக்கொண்டே இருக்கும். டாட் 4 தரம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரியில்தான் கொதிக்க வேண்டும். ஈரம் சேர்ந்த பிறகு அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடும். டாட் 5.1இல் இதே எண்கள் 260, 180. பிஎம்டபிள்யூ இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறது. நம் ஊர் ஈரப்பதத்தில் அதைத் தள்ளிப்போட வேண்டாம். உங்கள் காரின் டிஎஸ்சி வேகமாக வேலை செய்வதற்காகப் பாகுத்தன்மை குறைந்த டாட் 4 வகையைக் கேட்கும், சாலைக்கு அதையே நிரப்புங்கள். ட்ராக் நாளுக்கு முன் புதிய ஆயில் கட்டாயம். 312 டிகிரியில் கொதிக்கும் மோட்டுல் ஆர்பிஎஃப் 600 போன்ற பந்தய ஆயில் போட்டால், அது இரண்டாண்டு தாங்கும் என்று விட்டுவைக்காமல் அந்த ஆண்டுக்குள் மாற்றிவிட வேண்டும்.

ட்ராக் பேட் எது என்பதை முதல் ட்ராக் நாளுக்கு முன்பே முடிவு செய்யாதீர்கள். முதல் நாள் சாலை பேடிலேயே, இரண்டு வேகமான சுற்று, ஒரு ஆறும் சுற்று என்று மட்டும் ஓட்டுங்கள். டிஸ்க்கின் விளிம்பில் பூசும் வெப்பக் குறிப்பு வண்ணங்கள் கிடைக்கின்றன. ஏபி ரேசிங்கின் பச்சை 430 டிகிரியிலும் ஆரஞ்சு 560 டிகிரியிலும் சிவப்பு 610 டிகிரியிலும் நிறம் மாறும். மூன்றையும் முன் டிஸ்க்கின் விளிம்பில் கோடாகப் பூசிவிட்டு, நாள் முடிவில் எது மாறியிருக்கிறது என்று பாருங்கள். பச்சை மட்டும் மாறியிருந்தால் மேலே சொன்ன நடுத்தரக் கலவை போதும். ஆரஞ்சும் மாறியிருந்தால் ஃபெரோடோ டிஎஸ்1.11, பேகிட் ஆர்எஸ்எல் 29 போன்ற நீண்ட ஓட்டப் பந்தயக் கலவைகளில் உங்கள் காலிபர் எண்ணுக்குக் கிடைப்பதைத் தேடுங்கள். சிவப்பும் மாறியிருந்தால் பேடை மாற்றுவதற்கு முன், டிஸ்க்குக்குக் குளிர்காற்று கொண்டுவரும் குழாய் அமைப்பைப் பற்றி யோசிக்க வேண்டும். ட்ராக்கிலிருந்து உள்ளே வந்து நிறுத்தும்போது மிதியையும் பார்க்கிங் பிரேக்கையும் அழுத்தாமல் கியரை பி நிலைக்குக் கொண்டுபோய், சக்கரத்துக்குக் கட்டை கொடுத்துவிடுங்கள். இப்படிச் செய்தால் சூடான டிஸ்க்கின் மேல் பேட் ஒட்டிக்கொள்ளாது.